டார்க் மோடா, பிரைட்னஸா? வாட் மீட்டர் சொல்லும் கணக்கு

'கண்ணுக்கு நல்லது, கரண்டும் மிச்சம்' என்ற பெயரோடு டார்க் மோட் இன்று எல்லா ஆப்பிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. கண் விஷயத்தை டாக்டர்களிடம் விட்டுவிடுவோம். கரண்ட் விஷயத்தை மட்டும் வீட்டிலிருக்கும் திரைகளில் அளந்து பார்த்தேன். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்று, போன் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டும் யுஎஸ்பி மீட்டர் ஒன்று, இவ்வளவுதான் கருவிகள். மலிவான வாட் மீட்டர் ஒரு வாட்டுக்குக் கீழே போனால் உளறும். மற்றபடி, இதற்கு அது தேவலையா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

முதலில் கம்ப்யூட்டர் மானிட்டர். 24 அங்குலம், ஐபிஎஸ் எல்சிடி. பிரைட்னஸை நூறில் வைத்து முழு வெள்ளைப் பக்கம் திறந்தால் மீட்டர் 22 வாட்டை ஒட்டி நின்றது. அதே பிரைட்னஸில் முழுக் கறுப்புப் படத்தைப் போட்டேன். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் மட்டும் லேசாக ஆடியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. படத்தை அப்படியே விட்டுவிட்டு, மானிட்டரின் அடியிலிருக்கும் பட்டனைத் தடவிப் பிடித்து பிரைட்னஸை 25-க்கு இறக்கினேன். 12 வாட்டுக்குச் சரிந்தது.

காரணம் எளிது. எல்சிடியில் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் எல்இடி விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை விடுவதும் மறிப்பதுமாக வேலை செய்யும். போலரைசர் பாதியை விழுங்கும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கை வண்ண வடிகட்டி விழுங்கும். கடைசியில் பின்விளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்குதான் நம் கண்ணுக்கு வருகிறது. அதையும் மறித்துவிட்டு 'கறுப்பு' என்று காட்டுவது, டியூப் லைட்டை எரியவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடுகிற கதைதான். மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மயக்கம் புதிதல்ல. கூகுளின் முகப்புப் பக்கம் கறுப்பாக இருந்தால் ஆண்டுக்கு 750 மெகாவாட் மணி மின்சாரம் மிச்சம் என்று 2007-ல் ஒருவர் கணக்குப் போட்டார். அந்த ஆண்டே பிளாக்கிள் என்ற கறுப்புத் தேடல் தளம் கிளம்பியது. கணக்கில் எடுத்துக்கொண்டது பழைய சிஆர்டி மானிட்டரின் எண்கள்: வெள்ளைக்கு 74 வாட், கறுப்புக்கு 59. உலகமோ அதற்குள் எல்சிடிக்கு மாறிக்கொண்டிருந்தது. கூகுளே இது தேறாது என்று அப்போது சொல்லிவிட்டது. ஆனாலும் நம்பிக்கை மட்டும் போகவில்லை.

ஓஎல்இடியில் கதை வேறு. 1987-ல் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இதற்கு வழி திறந்தார்கள். இங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி உண்மையிலேயே அணைந்திருக்கிறது. போனை நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு யுஎஸ்பி மீட்டரோடு வைத்துப் பார்த்தேன். பிரைட்னஸ் முழுவதும் ஏற்றி வெள்ளைப் பக்கம் திறந்தால் 3 வாட்டை நெருங்கியது. கறுப்புக்கு மாறியதும் ஒரு வாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சபாஷ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரைட்னஸை நாம் வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் அளவுக்கு, பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு அதே சோதனையைச் செய்தால், இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரும்பாலும் காணாமல் போனது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்கிறது. யூடியூப், கூகுள் மேப்ஸ் போன்ற ஆப்களை ஓஎல்இடி போன்களில் ஓட்டிப் பார்த்தார்கள். பிரைட்னஸ் நூறில் இருந்தால் டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. 30 முதல் 50 சதவீத பிரைட்னஸில் வெறும் 3 முதல் 9 சதவீதம். ஆட்டோ பிரைட்னஸில் வீட்டுக்குள் போன் பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். மொட்டை வெயிலில் வண்டியை நிறுத்தி மேப் பார்க்கும் டெலிவரி ஊழியருக்கு முதல் கணக்கு. அவர் டார்க் மோடை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வெயிலில் கறுப்பு மேப் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாடு.

உண்மையில் கை வைக்க வேண்டிய இடம் ஹாலில் இருக்கிறது. 43 அங்குல 4கே எல்இடி டிவி. பிக்சர் மோட் 'விவிட்'டில் 90 வாட்டுக்குப் பக்கம். 'ஸ்டாண்டர்டு'க்கு வந்தால் 65. 'எக்கோ'வில் 45. ரிமோட்டில் சில அழுத்தல்கள், பாதி கரண்ட். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் எக்கோவில் முகங்கள் மங்கல்தான். விளக்கைக் குறைத்துவிட்டு இரவில் பார்க்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். கிரிக்கெட் ஓடும்போது எண் பெரிதாக அசையாது. படத்தில் இருட்டுச் சண்டை வந்தால் 30 வாட்டுக்கு இறங்கி, வெளிச்சமான பாட்டு வந்ததும் ஏறிவிடும். டிவி தன் பின்விளக்கைத் தானே தணிக்கிறது; எல்சிடியில் கறுப்பு மிச்சம் பிடிப்பது இந்த ஏற்பாடு இருந்தால் மட்டும்தான். என் மானிட்டரில் அது இல்லை.

எக்கோ மோடின் சூட்சுமம் டிவி கம்பெனிகளுக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சிலிருந்து 8கே டிவிகளுக்கும் மின்வரம்பு வைத்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எக்கோ மோடில் இருக்கும்படி அமைத்து அந்த வரம்புக்குள் நுழைந்தார்கள். மெனுவுக்குள் போய் மாற்றிக்கொள்வது வாங்கியவர் பாடு.

போகிற போக்கில் செட் டாப் பாக்ஸையும் மீட்டரில் செருகினேன். ரிமோட்டில் அணைத்த பிறகும் 8 வாட்! அணைத்த டிவி ஒரு வாட்கூட எடுக்காமல் தூங்க, பக்கத்தில் இது மட்டும் விழித்திருக்கிறது. நாள் முழுக்க அப்படியே கிடந்தால் இரண்டு மாத பில்லில் பதினோரு யூனிட்டுக்கு மேல், சும்மா. தினம் நான்கு மணி நேரம் பார்க்கும் வீட்டில் டிவியை விவிட்டிலிருந்து எக்கோவுக்கு மாற்றிக் கிடைக்கும் மிச்சமும் ஏறக்குறைய அதே பதினோரு யூனிட்தான். ஒன்றில் சம்பாதித்ததை இன்னொன்றில் விடுகிறோம்.

பதினோரு யூனிட் பெரிய தொகையா? ஏசி ஓடும் வீட்டில் ஓரிரு இரவுக் கணக்குதான் அது. ஆனால் 300 மானிட்டர் இருக்கும் அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து வாட் குறைந்தால், எட்டு மணி நேர வேலை நாளில் 24 யூனிட். அங்கே ஸ்கிரீன் சேவரும் ஓடினால் அதை முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும். சிஆர்டி திரையில் படம் பதிந்துவிடாமல் இருக்க வந்தது அது. எல்சிடியில் அதனால் ஒரு வாட்டும் மிச்சமில்லை. ஐந்து நிமிடத்தில் திரை அணைகிற ஸ்லீப் அமைப்பே போதும்.

மதிப்பெண் போட்டால்: பிரைட்னஸைக் குறைப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. டிவியின் எக்கோ மோடுக்கு நாலரை. பகல் மங்கலுக்காக அரை மார்க் பிடித்தம். டார்க் மோடுக்கு ஓஎல்இடி போனில் இரண்டரை, சாதாரண எல்சிடி மானிட்டரில் பூஜ்ஜியம். மீட்டர் வாங்கித்தான் தீர வேண்டும் என்றில்லை. இன்று டிவி போடும்போது மெனுவில் பிக்சர் மோட் என்னவென்று மட்டும் பாருங்கள். 'விவிட்' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். படுக்கப் போகும் முன் செட் டாப் பாக்ஸின் சுவிட்சை சுவரிலேயே அணையுங்கள்.