யூனிட்டுக்கு 700 கிராம்

மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது, ஆகவே புகையும் கிடையாது என்பது விளம்பரக் கணக்கு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை அது எண்ணுவதில்லை. இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில் பிறப்பது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. வழியில் இழப்பதையும் சேர்த்தால், வீட்டுக்கு வந்துசேரும் யூனிட் 0.8 கிலோவைத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் கிலோமீட்டருக்கு 150 கிராம் விடும். கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, பங்க்குக்குக் கொண்டுவருவது எல்லாம் சேர்ந்தால் 185 பக்கம் போகும். யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும் மின்சாரக் காருக்கு 120 கிராம். பேட்டரி தயாரிப்பில் வந்த சில டன்களை ஒன்றரை லட்சம் கி.மீ.க்குப் பரப்பினால் இன்னொரு 20. ஆக, கால்வாசி குறைவு. சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச கவுன்சிலான ஐசிசிடி அமைப்பின் 2021 ஆய்வு இந்தியாவுக்குச் சொன்னது 19 முதல் 34 சதவீதம். ஐரோப்பாவுக்கு அதே ஆய்வு 66 முதல் 69 என்றது. அந்த எண்ணை இங்கே மேடையில் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சிக்கல் ஹைபிரிட்டில்தான். லிட்டருக்கு 23 கி.மீ. தந்தால் மொத்தம் 125 கிராமுக்குள் முடியும். இன்றைய மின்சாரத்தில் அது மின்சாரக் காரை வெல்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் ஹைபிரிட்காரர்கள் இன்றைய கிரிட்டை 15 ஆண்டுக்கு அப்படியே உறையவைத்துப் பேசுகிறார்கள். எதிர்த்தரப்போ நாளைய சூரிய மின்சாரத்தை இன்றே வரவு வைக்கிறது. பத்தாண்டுக்கு முன் 0.8 கிலோவாக இருந்தது இன்னும் 0.7-இல்தான் நிற்கிறது என்பதால், கிரிட் வேகமாகச் சுத்தமாகும் என்று கருதும் அந்த 34 சதவீதத்தை நான் ஏற்கமாட்டேன். இந்த வேகத்தில் காரின் ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தேறாது.

ஹைட்ரஜனுக்கு அதிக இடம் வேண்டாம். ஒரு கிலோ தயாரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும், ஓடுவதோ 100 கி.மீ. அளவு. நிலக்கரி மின்சாரத்தில் செய்தால் பெட்ரோலைவிட இரு மடங்கு மோசம்.

ஸ்கூட்டரில் மட்டும் தயங்கத் தேவையில்லை. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டிக்கு, எண்ணெய் எடுப்பது முதல் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 60 கிராம். மின்சார வண்டிக்கு, மூன்று யூனிட் அளவுள்ள சிறு பேட்டரியின் தயாரிப்பையும் சேர்த்தே 30. இதே நிலக்கரி மின்சாரத்தில் பாதி! அரசின் மானியப் பணம் கார் வாங்குபவரைவிட ஸ்கூட்டர் வாங்குபவருக்கே முதலில் போக வேண்டும். காருக்கு ஏதாவது செய்வதென்றால், சூரிய மின்சாரம் பெருகும் பகல் நேரத்தில் அலுவலக வளாகங்களில் சார்ஜ் போட வசதி செய்யலாம். இரவில் வீட்டில் போடும் சார்ஜ் பெரும்பாலும் நிலக்கரிதான்.