ஒன்பது துறைகளின் அஞ்சல் தலைகள்: அழகா, சான்றா?

அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர்களும் அரசு அதிகாரிகளும் உறையில் கையெழுத்துப் போட்டாலே கடிதம் இலவசமாகப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. சலுகை எல்லை மீறியது. செலவு முழுவதும் அஞ்சல் துறையின் தலையில் விழுந்தது. 1873 ஜூலை 1 முதல் அந்த உரிமை ரத்தானது. அதற்கு ஈடாக, குடியரசுத் தலைவர் அலுவலகம், வேளாண்மை, உள்துறை, நீதி, கடற்படை, அஞ்சல், வெளியுறவு, நிதி, போர் என ஒன்பது துறைகளுக்கும் தனித்தனி அஞ்சல் தலைகள் வந்தன. 1884 வரை அவை செல்லுபடியாயின. இன்று இவற்றைச் சேகரிப்பவர் எதைத் தேடுவது தகும்?

அழகைத் தேடலாம் என்பார்கள் பலர். வேளாண்மைக்கு மஞ்சள், வெளியுறவுக்குப் பச்சை, கடற்படைக்கு நீலம் என்று துறைக்கொரு நிறம். வெளியுறவுத் துறையின் 2, 5, 10, 20 டாலர் தலைகளில் பச்சைச் சட்டத்துக்குள் கறுப்பில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சீவர்டின் உருவம். செதுக்கு வேலை உயர்தரமானது. ஆயினும் ஃப்ராங்க்ளின், வாஷிங்டன், லிங்கன் முதலிய உருவங்கள் அன்றைய பொதுத் தலைகளில் இருந்தவையே. மாறியவை சட்டமும் துறைப் பெயரும்தான். உருவத்துக்குப் பதில் எண்ணைப் பெரிதாக வைத்த அஞ்சல் துறைத் தலைகளிலும் சீவர்ட் தலைகளிலும் மட்டுமே புதிய வடிவமைப்பு உண்டு. ஆகவே அழகு இத்தொகுதியின் பலம்தான். தனிச் சிறப்பு என்று சொல்ல முடியாது.

முழுமையைத் தேடலாம் என்பது இரண்டாம் வாதம். தொகுதி முடிந்துபோனது, எல்லை உண்டு, எனவே நிறைவு கிட்டும். ஆனால் இத்தலைகள் அரசுப் பணிக்கென்றே இருந்தவை. 1875இல் சேகரிப்பாளர்களுக்கென மாதிரி எனப் பொருள்படும் சொல்லை மேலச்சிட்டுத் தனியாக அச்சடித்து விற்றார்கள். அவற்றை ஒட்டிக் கடிதம் அனுப்ப இயலாது. எழுத்து இடம் மாறிய அச்சுப்பிழைகள்கூட இன்று தேடப்படுகின்றன. ஆல்பத்தின் கட்டங்களை அவை நிரப்பும். அரசு எப்படி இயங்கியது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லா.

இத்தொகுதியின் உயிர் அதன் கணக்குமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 1866 முதல் அரசுக் கடிதங்களுக்கு ‘சர்வீஸ்’ என்ற ஒரே மேலச்சு பல அலுவலகங்களுக்கும் போதுமானதாக இருந்தது. அமெரிக்கா துறையின் பெயரையே தலையில் பொறித்தது. ஒவ்வொரு கடிதத்தின் செலவும் இன்ன துறையுடையது என்று வெளிப்பட்டது. 1877இல் தலை ஒட்டத் தேவையில்லாத அரசு உறைகள் வந்தன. சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் 300 டாலர் அபராதம் என்று அவற்றிலேயே அச்சிட்டிருந்தது. இந்த எளிய வழி பரவியதும் தலைகள் தேவையற்றுப் போயின. ஒரு நிர்வாகச் சோதனையின் தொடக்கமும் முடிவும் இங்கே முழுமையாகக் கிடைக்கின்றன.

அதைச் சொல்லும் சான்று, பயன்பட்ட உறை. தலை, முத்திரை, அனுப்பிய அலுவலகம், பெற்றவர் முகவரி நான்கும் சேர்ந்தால்தான் அது ஆவணமாகும். உறைகள் அரிது, விலை மிகும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. வேளாண்மைத் துறை உறைகள் மிகமிக அரியவை. எனினும் போர், நிதி, அஞ்சல் துறைகளின் 3 சென்ட் தலைகள் ஓரளவு எளிதில் கிடைக்கும். முத்திரை தெளிவாக விழுந்த தனித்தலைகூட ஊரையும் சில சமயம் நாளையும் காட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆல்பம் நிரப்பும் தொகுதியாக இது நடுத்தரம், ஆய்வுக்குரிய துறையாக முதல்தரம். பசை கெடாத 20 டாலர் சீவர்டைவிட, கோட்டை ஒன்றின் முத்திரை விழுந்த போர்த்துறை 3 சென்ட் உறைக்கே சேகரிப்பாளர் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.