காலஸ் பாடினால் அலங்காரமும் பேசும்

ஓபரா பாடகி மரியா காலஸின் குரல் மாசற்ற குரல் அல்ல. இதை அவருடைய தீவிர ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். கீழ் ஸ்தாயியில் கனத்த ஒரு குரல், நடுவில் புகை படிந்த இன்னொன்று, உச்சியில் கூரிய மூன்றாவது என்று மூன்று குரல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடம் காதுக்கே தெரியும். பிற்காலத்தில் உச்ச ஸ்வரங்கள் நடுங்கவும் செய்தன. சமகாலத்தவரான ரெனாட்டா தெபால்தியின் சாரீரத்தில் இப்படி ஒரு சிராய்ப்பும் கிடையாது. குறைகள் இருந்தும் காலஸ் பெரியவர் என்பது ஒரு சமாதானம். அந்தக் குறைகளே அழகு என்பது மற்றொன்று. இரண்டும் விஷயத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எதற்காக எழுதப்பட்டது என்ற கேள்விக்கு விடையாக அவர் பாடினார். அவரது பெருமை அங்கே இருக்கிறது.

1923இல் நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, 1937இல் ஏதென்ஸுக்குப் போன காலஸுக்கு எல்விரா தெ இதால்கோ ஆசிரியையாக வாய்த்தார். பெல்லினி, தோனிசெட்டி ஆகியோரின் பெல் கான்டோ மரபில் ஊறியவர் அவர். அந்த மரபின் துரித ஸ்வர வரிசைகளையும் நடுக்கு அலங்காரங்களையும் மெல்லிய குரல்களின் சாகசமாகவே பலரும் கேட்டுப் பழகியிருந்தார்கள். கனத்த குரல்களுக்கு வாக்னரும் பூச்சினியும் என்று ஒரு பங்கீடு. 1949 ஜனவரியில் வெனிஸில் அந்தப் பங்கீடு உடைந்தது. வாக்னரின் ‘வால்கியூர்’ ஓபராவில் புருன்ஹில்டாகப் பாடிக்கொண்டிருந்த காலஸை, மார்கெரித்தா கரோசியோ நோயுற்றதால், பெல்லினியின் ‘பியூரித்தானி’ ஓபராவுக்கு எல்விராவாக இறக்கினார் நடத்துநர் தூல்யோ செரஃபின். சில நாள் இடைவெளியில் ஒரே தொண்டை இரண்டையும் பாடியது வியப்புதான். அதைவிட முக்கியம், கனமுள்ள குரலில் வந்தபோது அலங்காரத்துக்கு அர்த்தம் கிடைத்தது. தோனிசெட்டியின் ‘லூசியா’ ஓபராவின் பித்துக் காட்சியில் ஸ்வர வரிசைகள் சிதறி ஓடுவதைக் காலஸிடம் கேட்டால், அவை தொண்டையின் வித்தையாகத் தோன்றுவதில்லை, நிலைகொள்ளாத மனம் அலையும் வழியாகவே கேட்கின்றன.

இது குரலின் வெற்றியல்ல, நடிப்பின் வெற்றி என்பார் உண்டு. விஸ்கோன்தி இயக்கத்தில் 1955இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறிய வெர்தியின் ‘திராவியாத்தா’வைப் பார்த்தவர்கள் அந்தக் கண்களையும் கைகளையும் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் நமக்குக் கிடைத்திருப்பது அந்த மேடையின் ஒலிப்பதிவு. அதில் கண்ணும் கையும் இல்லை. காதலனின் தந்தை கெஞ்ச, நாயகி வியோலெத்தா காதலைத் துறக்கச் சம்மதிக்கும் கட்டத்தில் ஒரு ஸ்வரம் தனியே நீள்கிறது, பிறகு மெட்டு மிக மெதுவாகத் தொடங்குகிறது. அந்த நீட்டத்திலேயே அவள் தோற்றுவிட்டாள் என்பதைக் காலஸ் சொல்லிவிடுகிறார். விசும்பல் இல்லை, தேம்பல் இல்லை. சோகத்தைக் காட்ட மூச்சைத் திணறவிடும் மேடைப் பழக்கத்துக்கு நேர் எதிரான வழி இது. வெர்தி எழுதிய அளவும் சொல்லும் ஒலியின் ஏற்ற இறக்கமும் மட்டுமே அவருடைய கருவிகள்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: இப்படிப் பாடியதால்தானே குரல் சீக்கிரம் கெட்டது? 1965 ஜூலையில் லண்டன் கோவென்ட் கார்டனில் ‘தோஸ்கா’வோடு அவரது ஓபரா மேடை வாழ்க்கை முடிந்தபோது வயது 41. 1952இல் அதே அரங்கில் அவருடைய ‘நோர்மா’வில் சிறு வேடம் ஏற்ற பாடகி ஜோன் சதர்லேண்ட் 1990 வரை பாடினார். இளமையிலேயே ஏற்ற பளுவான வேடங்கள், உடல் மெலிவு என்று காரணங்கள் பலவாறாகச் சொல்லப்படுகின்றன. எதுவாயினும் இழப்பு உண்மை. ஆனால் செரஃபின் நடத்த, காலஸ் 1954இலும் 1960இலும் பதிவுசெய்த இரண்டு ‘நோர்மா’க்களை அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவதில் உச்ச ஸ்வரங்கள் ஆட்டம் காண்கின்றன. வசனம்போல் வரும் இடங்களிலோ நோர்மாவின் கோபமும் தாய்மையும் முன்னைவிட நுட்பமாகப் பிரிந்து ஒலிக்கின்றன. குரல் தேய்ந்தபோது கலையும் கூடவே தேய்ந்திருந்தால், குரல்தான் கலை என்று ஒப்புக்கொள்ளலாம். அப்படி நடக்கவில்லை.

குறையைக் கொண்டாடினால் சுமாரான பாடகர் எவரும் உணர்ச்சி என்ற பெயரில் தப்பித்துவிடலாமே என்ற அச்சம் நியாயமானது. காலஸ் அதற்கு இடம் தரவில்லை. பாத்திரத்தின் உணர்ச்சியைக் காரணம் காட்டித் தாளத்தையோ ஸ்வர வரிசையின் தெளிவையோ அவர் விட்டுக்கொடுத்ததில்லை. 1971–72இல் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் அவர் நடத்திய வகுப்புகளின் பதிவுகளிலும் சொல்லின் உச்சரிப்பும் தாளத்தின் நேர்மையும்தான் பாடம். 1958இல் ரோமில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் முன்னிலையில் ஓபராவை முதல் அங்கத்தோடு நிறுத்தியதும், கப்பல் அதிபர் ஒனாசிஸுடனான உறவும் செய்தித்தாள்களுக்குத் தீனியாயின. கலையைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. 1957இல் லா ஸ்காலாவில் அவர் பாடிய தோனிசெட்டியின் ‘அன்னா போலேனா’ சொல்கிறது. நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்த அந்தப் படைப்பு மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. சதர்லேண்டும் மொன்செராத் கபாயேயும் பின்னர் அந்த மரபின் வேடங்களை விரும்பி ஏற்றார்கள். அவர்களுடைய குரல்கள் காலஸினுடையதைவிட அழகானவை. அந்த அழகைச் செலவிடத் தகுந்த நாடகம் அந்த ஓபராக்களுக்குள் இருக்கிறது என்று உலகுக்கு நிரூபித்தவர் காலஸ்.