சர்வதேசப் படிப்பும் ஜவ்வாது மலையும்

உலகளாவிய, சர்வதேச ஆய்வுகளில் பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் மாணவரிடம் பொதுவாக ஐந்தைக் கேட்கின்றன: வரலாறு, பொருளியல், அரசியல் மூன்றிலும் அடிப்படைத் தாள்கள், ஓர் அயல்மொழித் தேர்ச்சி, உலகின் ஏதேனும் ஒரு வட்டாரத்தில் தனிக் கவனம், ஒரு பருவம் வெளிநாட்டில் படிப்பு, முடிவில் ஓர் ஆய்வேடு. அமெரிக்காவில் வேரூன்றிய அமைப்பு இது. தமிழ்நாட்டில் இளநிலையில் இத்துறை அரிது. சென்னையின் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, அண்டையிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுநிலையில் கற்பிக்கிறார்கள். இளநிலைக்கும் அது வரும்போது எந்த நிபந்தனைகளோடு வர வேண்டும்? தமிழ்நாட்டின் வடபகுதியில் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையின் மாணவரை முன்னிறுத்தி இதை எடைபோடுவது நல்லது.

பல துறைகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்வதுதான் இந்த அமைப்பின் பெரும்பலம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, 20 தமிழர்கள் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையின் பழங்குடியினரும் அவர்களில் இருந்தனர். செம்மரத்துக்கு விலை ஏற்றுவது சீனா, ஜப்பான் முதலிய நாடுகளின் சந்தை. அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துவது அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை. கூலிகளை அங்கே தள்ளுவது மலையின் வறுமை. பொருளியல் மட்டும் கற்றவருக்குச் சந்தை தெரியும், சட்டம் மட்டும் கற்றவருக்கு வழக்கு தெரியும். இரண்டையும் இணைத்துப் பார்க்க இந்தப் படிப்பு பழக்குகிறது. ஆய்வேடும் அப்படியே. மனப்பாடத்தில் தேறிவந்த மாணவரை அது சொந்தமாக ஒரு கேள்வி கேட்க வைக்கிறது.

மொழி நிபந்தனையின் நோக்கம் சரியானது. ஒரு நாட்டை அதன் மொழியில் படிக்காதவர் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்வார். ஆனால் நடைமுறையில் பிரெஞ்சு, ஸ்பானியம், சீனம் போன்றவற்றுக்கே முதலிடம். உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வருபவருக்கு ஆங்கிலமே அயல்மொழி; அதைக் கற்ற உழைப்பு கணக்கில் வருவதில்லை. செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்குத் துணை நிற்கத் தேவைப்படும் தெலுங்கும், இலங்கையை அறிய உதவும் சிங்களமும் அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

வெளிநாட்டுப் பருவத்தில்தான் குறை ஆழமாக இருக்கிறது. அந்நிய மண்ணில் வாழ்ந்து பெறும் பணிவை எந்த நூலும் தராது என்பது உண்மை. ஆனால் விமானச் சீட்டும் விசாவும் பட்டத்துக்கு வாசலானால், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் மாணவர் வாசலிலேயே நின்றுவிடுவார். உதவித்தொகை இதைப் பாதிதான் தீர்க்கும். உலகம் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது என்ற எண்ணம் அப்படியே நீடிக்கும். ஆனால் உலகம் இந்த மலையிலும் இருக்கிறது. இங்குள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி, அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வந்து 1972இல் நிறுவப்பட்டது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த ஆய்வில் அதற்கும் பங்கு உண்டு. மலையில் விளையும் சாமைக்கும் ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததால் உலக மேடை கிடைத்தது. பழங்குடிகளின் உரிமைக்கான ஐ.நா. பிரகடனத்தை 2007இல் இந்தியா ஆதரித்தது; 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஊரில் எவ்வளவு நடைமுறையாகியிருக்கிறது என்பதை மலை மாணவர் வீடுவீடாகக் கேட்டே அறியலாம். இவை ஒவ்வொன்றும் முழு ஆய்வேட்டுக்குரிய பொருள்.

வெளிநாட்டுப் பருவத்துக்கு மாற்றாக உள்ளூர்க் களப்பணியை ஏற்பதிலும் ஆபத்து உண்டு. அது வெறும் ஊர் வருணனையாகச் சுருங்கலாம். வசதி உள்ளவருக்கு ஐரோப்பா, இல்லாதவருக்கு மலை என்று பட்டமே இரண்டு தரமாகலாம். அதனால் களப்பணி, ஒரு பொருளையோ சட்டத்தையோ குறைந்தது இன்னொரு நாட்டின் ஆவணம்வரை தொடர்ந்து செல்ல வேண்டும். வெளிநாடு செல்பவரும் சொந்த மாநிலத்தில் ஒரு களப்பணியை முடித்தே பட்டம் பெற வேண்டும்.

துறைகளின் இணைப்பையும் ஆய்வேட்டையும் அப்படியே ஏற்கலாம். மொழிப் பட்டியலை விரிக்க வேண்டும். வெளிநாட்டுப் பருவத்தைக் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். மலையைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்குப் பாடம் வகுக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இந்தத் திருத்தங்களோடு ஓர் இளநிலைப் பட்டத்தைத் தொடங்க முன்வர வேண்டும்.