கிதாரைப் பிடித்த கை

"ஆம்பள மாதிரி வாசிக்கிறா" என்பது பாராட்டு அல்ல, பறிப்பு. ஹார்ட் ராக்கில் கிதார் ஆணுடலின் நீட்சியாகவே கட்டமைக்கப்பட்டது. பெண்ணுக்கு விட்டுவைத்தது குரலையும் தோற்றத்தையும்தான். 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதின்வயதுப் பெண்கள் மட்டுமே சேர்ந்து தொடங்கிய 'தி ரன்அவேஸ்' குழுவில் லீட்டா ஃபோர்டு கையிலெடுத்தது லீட் கிதார். கலகம் அங்கதான் இருக்கு. 1979இல் குழு கலைந்தது. 1983இல் வந்த முதல் தனி இசைத்தட்டு 'அவுட் ஃபார் பிளட்'. பாட்டும் அவரே, லீட் கிதாரும் அவரே.

1989இல் ஓஸி ஆஸ்போர்னோடு பாடிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்தது. லீட்டா எட்டிய உச்சம் அது. உடனே, "ஓஸி கைதூக்கி விட்டாரு"ன்னு ஒரு சொல்லாடல் கிளம்பிடுது. அதுக்கு முந்தின வருஷம் தனியாகப் பாடியே 12ஆம் இடம் வந்தவர் அவர். ஓஸியோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதியவரும் அவர். அதில் கிதாரும் அவருடையதுதான். அப்ப நம்ம காது யாரைக் கேக்குது?