ஒருசந்தியும் ஒப்புரவும்

தாழ்வுபாடு போன்ற மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் 'பாடு' என்றால் இரண்டு பொருள். கரைவலை வளைக்கும் இடம் பாடு. ஆண்டவர் சிலுவையில் பட்டதும் பாடு. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கவைக்கும் காலம் தவக்காலம். நம் நோன்பு மரபில் மூன்று அளவுகோல்களைக் காண்கிறேன்.

முதலாவது வயிறு. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு நேரம் வயிறாரச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு. திருச்சபையின் பழைய பொதுச் சட்டப்படி ஞாயிறு தவிர்ந்த தவக்கால நாட்களெல்லாம் ஒருசந்தி. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைத் தளர்த்தினார். இன்று கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரை. சுத்தபோசனத்தில் மீனுக்கு விலக்கில்லை. ஆனால் மீனே அன்றாடக் கறியாகும் கரையில் இறைச்சியை விடுவது எவ்வளவு பெரிய தியாகம்? சட்டம் வாசல்தான், வீடு அல்ல.

இரண்டாவது கண்ணீர். 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் 'வியாகுல பிரசங்கம்', வீடுகளிலும் கோயில்களிலும் பாடப்படும் பசாம் என்னும் பாடுகளின் பாடல், பேசாலையில் உருவச் சிலைகளைக் கொண்டு காட்டும் உடக்குப் பாஸ் என்னும் பாடுகளின் நாடகம் எல்லாம் இந்தக் கண்ணீர் வழியில் வந்தவை. பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கையில் இராகம் இழுபட்டுச் சொல் மங்கினால் வாசிப்புப் பழுது. சொல் தெளிந்து நெஞ்சு இளகினால் அதுவே தேர்ச்சி.

மூன்றாவது ஒப்புரவு. யூதர்கள் யோம் கிப்பூர் என்னும் பாவப்பரிகார நாளில் சுமார் 25 மணி நேரம் தண்ணீரும் குடிப்பதில்லை, தோற்செருப்பும் போடுவதில்லை. ஆனாலும் அயலவனுக்குச் செய்த தீங்கு, அவனிடம் போய் அவன் மனம் ஆறினால்தான் தீரும் என்பது அவர்கள் மரபு. அன்று காலை அவர்கள் வாசிப்பது எசாயா 58ஆம் அதிகாரம். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று நம் பூசையிலும் அதே அதிகாரம்தான். வேலையாளை வருத்திக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருக்கும் நோன்பை அது கண்டிக்கிறது. பசித்தவனோடு உணவைப் பகிரச் சொல்கிறது.

வலைப் பாட்டின் முறைக்காகச் சண்டைபிடித்துப் பேச்சை விட்ட இருவர், பெரிய வெள்ளியன்று ஒரே வாங்கில் கஞ்சிக்கு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தன் கையால் மற்றவருக்குக் கஞ்சி வார்த்துக் கொடுத்தால், அன்றைய ஒருசந்தி நிறைவாகிறது.