ஆடாதொடை: கபத்துக்குச் சரி, காசநோய்க்கு?

வேலியோரத்தில் ஆடு மாடு வாய் வைக்காமல் செழித்து நிற்கும் செடி ஆடாதொடை. அகாந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் புதர் ஆளுயரத்துக்கு வளரும். மாவிலை போன்ற நீண்ட இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். ஈருதட்டு வெள்ளைப் பூவில் செந்நீலக் கீற்றுகள் ஓடும். குச்சியை ஒடித்து நட்டாலே வேர்பிடித்துவிடும். வறட்சியும் இதைப் பெரிதாக வாட்டுவதில்லை. லின்னேயஸ் 1753இல் இதற்கு ஜஸ்டிசியா அடதோடா என்று பெயரிட்டார்.

கால்நடையை விலக்கி வைக்கும் கசப்பில்தான் மருந்தும் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் பணியில் உதகமண்டலத்தில் இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் இந்த இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு உருவான புரோம்ஹெக்சின் 1963இல் விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் சென்று மாறும் பொருள்களில் ஒன்றுதான் அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சளி மருந்துகள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கிறது. கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றும் செடி என்று சித்த மருத்துவம் சொல்லிவந்ததை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இந்த வரலாறே போதும். கபசுரக் குடிநீரின் சரக்குகளிலும் ஆடாதொடை இலைக்கு இடமுண்டு.

வீட்டு வைத்தியமாக இதன் பலம் வெளிப்படையானது. செலவில்லை, ஆண்டு முழுவதும் இலை கிடைக்கும், சாதாரண சளி இருமலுக்குச் சிறிதளவு கஷாயம் பலருக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் இந்தப் பழக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, இருமலையே நோயாக எண்ணிக்கொள்வது. இரத்தம் கக்குவதற்கும் இளைப்புக்கும் ஆடாதொடையைச் சொல்லும் மரபு பழையது. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் இல்லாத காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை வாசிசின் வகைச் சேர்மங்கள் ஆய்வகத்தில் தடுத்ததாகக் கூறும் ஆய்வுகளும் உண்டு. சோதனைக் குழாயில் கண்டதை நோயாளியின் நுரையீரலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் உண்ண வேண்டும். கஷாயம் சளியை இளக்கி இருமலைத் தணிக்கும்போது நோயாளி தேறிவிட்டதாக நினைக்கிறார். கிருமியோ உள்ளே பெருகி வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றுகிறது.

இரண்டாவது, அளவு. வாசிசினின் அளவு இலைக்கு இலை, மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். கேரளத்தில் மருந்துக்கு அதிகம் எடுப்பது சிற்றாடாதொடை என்ற வேறோர் இனம். 'நாலு இலை போட்டுக் காய்ச்சு' என்ற கணக்கு எந்தச் செடிக்கு, எவ்வளவு பெரிய இலைக்கு என்று யாரும் கேட்பதில்லை. தேர்ந்த வைத்தியர் நோயாளியின் வயதையும் உடல்வாகையும் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது இலை மட்டுமே. அந்தக் கணிப்பு வந்து சேரவில்லை. கடையில் வாங்கும் மணப்பாகில் அளவு ஓரளவு ஒழுங்குபட்டிருக்கும். ஆனால் அது சர்க்கரைப் பாகில் செய்வது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஜம்முவிலிருந்த வட்டார ஆய்வுக்கூடம் இந்தப் பண்பை விரிவாக ஆராய்ந்து, கருவைக் கலைக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு என்று பதிவுசெய்திருக்கிறது. பச்சிலைதானே, பக்கவிளைவு இருக்காது என்ற எண்ணத்தில் கர்ப்பிணிக்கும் இதே கஷாயத்தைக் கொடுப்பது தாய்க்கும் சேய்க்கும் செய்யும் தீங்கு. பலன் தரும் வீரியம் உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் வீரியமும் இருக்கும். ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது.

இவற்றைக் காட்டிச் செடியையே ஒதுக்குவதும் நேர்மையாகாது. இதை முன்மாதிரியாகக் கொண்ட மாத்திரைகளின் பலனும் மிதமானதுதான். நவீன மருந்து என்பதாலேயே அவை அற்புதம் செய்துவிடுவதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், கஷாயத்தில் தெரியாது.

ஆடாதொடை நல்ல சளி மருந்து. நுரையீரல் நோய்கள் அனைத்துக்குமான மருந்து அல்ல. சில நாள் சளிக்கு அளவோடு குடிக்கலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, கஷாயப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே அந்தப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.